மறுமுனையில் நிற்பவர்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ‘வீச்சு’ என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்பவரின் வயதைக் கொண்டுதான் அறிய வேண்டும். ஐம்பதைக் கடந்தவர் சொன்னால் அது வீச்சு வலை. இருபதைத் தொடாதவர் சொன்னால் அது பந்து வீச்சு. காட்டுப்பள்ளிப் பக்கத்து மணலில் மாலை வேளைகளில் இவ்விரண்டும் அருகருகே நிகழக் காணலாம். உப்பங்கழியில் இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வலையை விரித்தெறிவார். கரையில் ஒரு சிறுவன் ஓடி வந்து பந்தை எறிவான். எறிந்த பின்னர் இருவர் முகத்திலும் தோன்றும் எதிர்பார்ப்பு ஒன்றே. அரபு மொழியிலும் இவ்வாறு ஒரே வேர் பல எறிதல்களைத் தாங்கி நிற்கிறது. ‘ரமீ’ என்றால் அம்பெய்தல், மினாவில் ஹாஜிகள் கல்லெறிவதும் ‘ரமீ’தான், அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தின் வீச்சாளரையும் இந்நாளைய அரபியர் ‘ராமீ’ என்றே அழைக்கின்றனர்.

ஓதிக் கொடுக்கும் ஒருவர் ஆட்டங்களைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நெடிய விடை தேவையில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அம்பெய்யப் பழகுவதை ஊக்கினார்கள். குதிரைகளை ஓட விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியும் வைத்துக் கொண்டார்கள். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாடியதை அன்னையார் சலிக்கும் மட்டும் பார்த்திருக்க, தாமும் உடன் நின்றார்கள். இவையெல்லாம் நம் மதரஸாக்களில் ஹதீதுப் பாடத்தில் ஓதப்படுபவையே. தொழுகை நேரத்தை விழுங்கும் ஆட்டத்தையும் சூது கலந்த ஆட்டத்தையும் நாம் வெறுக்கிறோம். அவை நீங்கலாக, மனிதன் மனிதனோடு நடந்து கொள்ளும் முறை ஒளிவுமறைவின்றித் தெரியும் இடங்களுள் விளையாட்டுக் களமும் ஒன்று என்பது நமது கருத்து.

அதிலும், இரு தரப்பிலும் வல்ல வீச்சாளர்கள் நின்று ஒருவருக்கொருவர் விட்டுக் கொடாமல் வீசும் ஆட்டத்தில் நமக்குத் தனி ஈடுபாடு. ஓட்டங்கள் மலிந்த ஆட்டம் கல்யாண வீடு போன்றது; யார் எவ்வளவு உண்டார் என்று எவரும் எண்ணுவதில்லை. வீச்சாளர் போர் நிகழும் ஆட்டமோ பஞ்ச காலத்து அடுப்படி. அங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் கணக்குண்டு.

அமெரிக்கர் இத்தகைய போரை ஒரு கலையாகவே போற்றுகின்றனர். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது சுற்றுகள். சுற்றுக்கு மூவர் ஆட்டமிழக்க வேண்டும். ஆக ஓர் அணியை முடிக்க 27 முறை ஆளை வெளியேற்றியாக வேண்டும். அது முடியும் வரை எதிரணியில் ஒருவர்கூடத் தம் மட்டையடியின் பலத்தால் ஒரு தளத்தைச் சேராதபடி தடுத்துவிட்டால் அதற்கு ‘நோ-ஹிட்டர்’ என்று பெயர். வீச்சாளரின் பிழையாலோ பந்து பிடிப்பவரின் பிழையாலோ தளம் சேர்ந்தவர் இருக்கலாம். அடித்துச் சேர்ந்தவர் இருத்தலாகாது. 1876 முதல் இன்று வரை அவர்களுடைய பெரிய லீக்குகளில் நடந்த ஆட்டங்கள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். அவற்றுள் நோ-ஹிட்டர்கள் 300-க்குச் சற்றே கூடுதல். பிழையாலும் ஒருவரும் தளம் சேராமல், வந்த 27 பேரும் வந்த வரிசையிலேயே திரும்பிய ‘பெர்பெக்ட் கேம்’ எனும் முழுநிறைவு ஆட்டமோ, 2024 இறுதி வரை 24 மட்டுமே.

இவ்வாட்டம் நடந்து கொண்டிருக்கும்போது அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஐந்தாறு சுற்றுகள் கடந்தும் வீச்சாளர் ஓர் அடியும் கொடாதிருந்தால், சொந்த அணியார் அவரருகில் உட்கார மாட்டார்கள், பேச மாட்டார்கள், அந்தச் சாதனையின் பெயரை வாய் தவறியும் உச்சரிக்க மாட்டார்கள். சொன்னால் கெட்டுவிடும் என்பது அவர்களது சகுனம். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் ஆகாது. ஆயினும் சகுனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அங்கே எஞ்சுவது ஒரு மரியாதை. ஒருவர் நிறை குடத்தைத் தலையில் தாங்கி நடக்கும்போது மற்றவர் தம் நாவைக் காத்துக் கொள்ளும் மரியாதை அது. அந்த அளவில் அதை நாம் மெச்சுகிறோம்.

இரு வீச்சாளர்களும் ஒரே நாளில் இந்த நிறை குடத்தைச் சுமந்த ஆட்டம் ஒன்றுண்டு. 1917ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், சிகாகோ நகரில். சின்சினாட்டி அணிக்குப் பிரெட் டோனி வீசினார். சிகாகோ அணிக்கு ஹிப்போ வான் வீசினார். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது இருவருமே எதிரணிக்கு ஓர் அடியும் கொடுத்திருக்கவில்லை. பெரிய லீக்குகளின் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. பத்தாம் சுற்றில் வானிடமிருந்து முதல் அடி பிறந்தது. பின்னர் 1912 ஒலிம்பிக் வீரரான ஜிம் தோர்ப் மெல்லத் தட்டிவிட்ட பந்தொன்றில் ஓர் ஓட்டம் வந்து சேர்ந்தது. டோனி தம் பங்குக்குப் பத்தாம் சுற்றையும் கறைபடாமல் முடித்தார். ஆட்டம் ஒன்றுக்குச் சுழியம் என்று தீர்ந்தது. 1991இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது வானின் ஒன்பது சுற்றுகள் நோ-ஹிட்டர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. 1959இல் தொடர்ந்து 12 சுற்றுகளில் 36 பேரை வரிசையாக வெளியேற்றிப் பதின்மூன்றாம் சுற்றில் தோற்றுப்போன ஹார்வி ஹாடிக்ஸுக்கும் அதே கதிதான். பட்டியல் எழுதுவோரின் நீதி அப்படி. நம்மைக் கேட்டால், டோனியின் பெருமையில் பாதி வானுக்குரியது என்போம். மறுபுறத்தில் அப்படியொருவர் வீசியிராவிட்டால் டோனியின் ஆட்டத்தை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

நமது நாட்டில் இந்த ஆட்டம் வேர் கொள்ளவில்லை. கிரிக்கெட்தான் வேர் கொண்டது. அதில் ஓட்டமே கொடாமல் வீசிய வீச்சுக்கு உலகப் புகழ் பெற்ற சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட், இன்றைக்கு நேரு விளையாட்டரங்கம் எனப்படும் அன்றைய மாநகராட்சி அரங்கில் நடந்தது. பாபு நாட்கர்னி என்னும் இடக்கை வீச்சாளர் தொடர்ந்து 21 ஓவர்கள், ஒரே ஓட்டமும் கொடாமல் வீசினார். பந்துக் கணக்கில் தொடர்ச்சியாக 131. அந்த இன்னிங்ஸில் அவர் வீசிய 32 ஓவர்களில் 27 மெய்டன். கொடுத்த ஓட்டம் ஐந்தே ஐந்து. எடுத்த விக்கெட்டோ ஒன்றுமில்லை. இதைச் சிலர் நகைத்தனர். பார்த்தவருக்கு உறக்கம் வந்தது என்றனர். ஆட்டமும் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்ட்டுகளுமே அப்படித்தான் முடிந்தன. ஆனால் அதே இன்னிங்ஸில் சந்து போர்டே ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால் நகைப்பு சற்று அடங்கும். ஒரு முனையில் கதவு அடைபட்டால் மட்டையாளர் மறுமுனையில் வழி தேடுவார். தேடும்போது பிழை செய்வார். ‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லுக்கு நாம் பொறுமை என்று பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அகராதியில் அதன் முதற்பொருள் தடுத்து நிறுத்தல், கட்டி வைத்தல் என்பதாகும். நாட்கர்னியின் வீச்சுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

அடி கொடாதிருத்தல் ஒரு பக்கம். எதிரணியின் பத்து விக்கெட்டுகளையும் ஒருவரே வீழ்த்துவது மற்றொரு பக்கம். அருமையில் அது நோ-ஹிட்டரையும் விஞ்சியது. 1877 முதல் 2,500-க்கும் மேற்பட்ட டெஸ்ட் ஆட்டங்களில் மூன்றே முறைதான் நிகழ்ந்திருக்கிறது: 1956இல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர், 1999இல் இந்தியாவின் அனில் கும்ளே, 2021இல் நியூசிலாந்தின் அஜாஸ் பட்டேல். இம்மூவரைப் பற்றியும் எழுத நமக்கு ஆசைதான். எனினும் 1999ஐச் சொல்ல வேண்டுமானால், டெல்லிக்கு ஒரு வாரம் முன்னதாகச் சேப்பாக்கத்தில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

1987க்குப் பின்னர் பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்தது அந்த 1999ஆம் ஆண்டில்தான். பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அவர்கள் வரலாகாது என்று கூச்சலிட்டோர் டெல்லியின் ஆடுகளத்தைத் தோண்டிச் சிதைத்தனர். எனவே முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டது. இத்தகைய நாட்களில் நம் வீடுகளில் நிலவும் ஒருவித இறுக்கத்தை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கேட்பவர் வாயால் கேட்பதில்லை, பார்வையால் கேட்பார். எதிரணியின் வீச்சாளர் ஒரு நல்ல பந்தை வீசும்போது நம்மவர் புருவம் உயர்கிறதா என்று பார்ப்பார். பல நூறு ஆண்டுகளாக இந்த ஏரிக்கரையிலே பிறந்து, இந்த மண்ணிலேயே அடக்கமாகி, அரபுத் தமிழில் கணக்கும் கடிதமும் எழுதி வந்த குடும்பங்களைக்கூட அந்தப் பார்வை விட்டு வைப்பதில்லை. வானொலியின் ஒலியைக் குறைத்து வைத்துக் கொண்டு ஆட்டம் கேட்ட பெரியவர்களை நாம் அறிவோம். நல்ல வீச்சு என்று சொல்ல வாயெடுத்து, ‘நல்ல ஆட்டம்’ என்று பொதுவாக முடித்துக் கொண்டவர்களையும் அறிவோம்.

ஆட்டமோ வீச்சாளர்களின் ஆட்டமாக அமைந்தது. முதல் இன்னிங்ஸில் கும்ளே 70 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுக்க, பாகிஸ்தான் 238இல் முடிந்தது. ஸக்லைன் முஷ்தாக் ஐந்து விக்கெட் எடுக்க, இந்தியா 254இல் முடிந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் ஷாஹித் அஃப்ரீதி 141 அடித்து நின்ற நிலையில், வெங்கடேஷ் பிரசாத் ஓர் ஓட்டமும் கொடாமல் ஐந்து பேரைச் சாய்த்தார். 33 ஓட்டங்களுக்கு மொத்தம் ஆறு விக்கெட். 271 எடுத்தால் வெற்றி என்று இந்தியா ஆடத் தொடங்கியது. முதுகு வலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 வரை இழுத்து வந்தார். 17 ஓட்டங்களே மீதமிருந்தபோது ஸக்லைனின் பந்தில் அவர் வீழ்ந்தார். பின்னர் நான்கே ஓட்டங்களில் எல்லாம் முடிந்தது. ஸக்லைனுக்கு மறுபடியும் ஐந்து விக்கெட். பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

அந்த ஜனவரி 31, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோயுற்றிருந்த அன்பர் ஒருவரை நலம் விசாரிப்பதற்காகக் காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தோம். இன்று இரவைப் பகலாக்கும் துறைமுக விளக்குகள் அன்று இல்லை. கிழக்கே கடல், மேற்கே கழியும் கால்வாயும், நடுவில் மணல். திரும்பும் வழியில் தேநீர்க் கடையொன்றில் வானொலி ஒலித்துக் கொண்டிருந்தது. வலையின் கண்களைக் கொசுவி முடிந்தபடி ஏரித் தொழிலாளர் நால்வர் கேட்டுக் கொண்டிருந்தனர். நாமும் ஓரமாக நின்றோம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலானோர் வானொலியில் தமிழிலே ஆட்டத்தை வருணித்துப் பழக்கியதன் பயனாக, கிரிக்கெட்டின் நுட்பங்கள் படிக்காதவர் நாவிலும் அன்று புழங்கின. டெண்டுல்கர் வீழ்ந்தபோது கடையில் ஒரு பெருமூச்சு. கடைசி விக்கெட் விழுந்தபோது ஓசையே இல்லை. எல்லாருடைய கண்ணும் நம் தாடியின் மேலும் தொப்பியின் மேலும் ஒரு கணம் தங்கியதாக நமக்குத் தோன்றியது.

மூத்தவர் ஒருவர் முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: “இன்னா பாய், அவன் பேரு? பந்த இந்தப் பக்கம் காட்டிட்டு அந்தப் பக்கம் திருப்புறானே?”

“ஸக்லைன், அண்ணே. ஸக்லைன் முஷ்தாக்.”

“நல்லா வீசினான். இன்னிக்கு அவன் பாடு.”

இந்தப் ‘பாடு’ என்ற சொல்லின் ஆழம் ஏரிக்கு வெளியே உள்ளவர்களுக்கு எளிதில் விளங்காது. பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டி, ஏற்றவற்றத்தோடு இறால் ஓடும் சில இடங்கள் உண்டு. அங்கே வலை கட்டினால் கைநிறைய வரும். வேறிடத்தில் கட்டினால் வந்தால் வந்தது. அந்த நல்லிடங்கள் எவருக்கும் சொந்தமல்ல. உரிமையுள்ள குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்து, இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று பகிர்ந்து கொள்வர். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாட்டு நாளில் மற்றவர் அங்கே வலை இறக்க மாட்டார். இறால் கண்ணெதிரே ஓடினாலும், வீட்டில் அடுப்பு எரியாதிருந்தாலும், கையை மடக்கிக் கொண்டிருப்பார். எழுதிய சட்டமன்று, ஏரி மக்களின் கட்டுப்பாடு. குறையற்ற முறை என்று நாம் சொல்ல மாட்டோம். பாட்டில் இடம் பெறாத ஊரார்க்கு நெடுநாளைய மனத்தாங்கல் உண்டு. அதன் பொருட்டு மோதல்களும் நடந்ததுண்டு. ஆனாலும் பிறன் கைக்குச் சேர வேண்டியது அவன் கைக்குச் சேரும் வரை தன் கையைக் கட்டி வைக்கும் பயிற்சி அதில் இருக்கிறது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த மனிதருக்கு, வென்றவன் எந்த நாட்டான் என்பது பெரிதாகப் படவில்லை. அன்று அவன் பாடு, அவன் அள்ளினான்.

அதற்குள் வானொலியில் ஓர் ஓசை எழுந்தது. சேப்பாக்கத்தில் குழுமியிருந்தவர்கள் தோல்வியின் அதிர்ச்சியில் சற்றே அடங்கியிருந்து, பின்னர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியிருந்தனர். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வர, ஒவ்வொரு பகுதியாக அந்தக் கைதட்டல் அவர்களைத் தொடர்ந்தது. ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டவர்களுக்கு அதைவிடக் கண்ணியமான மறுமொழி வேறெங்கும் தரப்படவில்லை. அன்று மாலை படகில் திரும்புகையில் நம் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. தோற்றது நம் அணி. அதில் வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு அன்று சென்னை நகரமே முந்திக் கொண்டுவிட்டது. அந்த வாரத்தில் நம் வீடுகளில் வானொலியின் ஒலி சற்றுக் கூடுதலாகவே கேட்டது.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 7, டெல்லி. பாகிஸ்தானுக்கு இலக்கு 420. விக்கெட் எதுவும் இழக்காமல் 101 எடுத்திருந்தனர். அதன் பின்னர் கும்ளே ஒருவராகவே பத்துப் பேரையும் வெளியேற்ற, 207இல் ஆட்டம் முடிந்தது. அவர் கொடுத்தது 74 ஓட்டங்கள். இக்கணக்கை ஊரறியும். நம் கவனம் ஒன்பதாம் விக்கெட்டுக்குப் பின்னர் வந்த ஓர் ஓவரின் மீது. மறுமுனையில் வீச வேண்டியவர் ஜவகல் ஸ்ரீநாத். விக்கெட் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட வேகப்பந்து வீச்சாளர். பத்தாவது விக்கெட் அவருக்கு விழுந்துவிட்டால் கும்ளேயின் வாய்ப்புப் போய்விடும். ஆகவே மட்டைக்கு எட்டாதபடி ஸ்டம்பை விட்டு விலக்கி விலக்கி வீசினார். ஓவர் கழிந்தது. அடுத்து கும்ளே வீச, வசீம் அக்ரம் லட்சுமணனிடம் பிடி கொடுத்தார்.

பின்னாளில் ஃபிக்ஹு நுட்பங்களில் நாட்டமுள்ள மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், ஸ்ரீநாத் செய்தது அமானிதத்துக்கு மாறு செய்வதாகாதா? விக்கெட் எடுக்கத்தானே அவரை அணியில் வைத்திருக்கிறார்கள்?” நல்ல கேள்வி. வீசுபவரின் திறமை அணிக்குரிய அமானிதம். அதைத் தன் விருப்பப்படி முடக்கி வைக்க அவருக்கு உரிமையில்லை என்பதே பொது விதி. ஆனால் அப்போது பாகிஸ்தானுக்கு இருநூறுக்கும் அதிகமான ஓட்டங்கள் தேவை. கையில் ஒரே விக்கெட். அணியின் உரிமைக்குக் கேடு வரும் அச்சம் அங்கே இல்லை. கேடு இல்லாத இடத்தில் தனக்கு வரக்கூடியதைப் பிறருக்கு விட்டுக் கொடுத்தால் அது ‘ஈஸார்’. வணக்க வழிபாடுகளில் விட்டுக் கொடுப்பது விரும்பத்தக்கதன்று; முன்வரிசைத் தொழுகையைப் பிறருக்குத் தாரை வார்க்காதே என்பர் நம் இமாம்கள். உலகப் பொருள்களில் விட்டுக் கொடுப்பதோ போற்றுதலுக்குரியது. விக்கெட் உலகப் பொருள்தானே! அன்ஸாரிகள் முஹாஜிர்களுக்கு வீட்டையும் தோப்பையும் பகிர்ந்து கொடுத்ததன் பக்கத்தில் வைக்கத்தக்கது இதுவென்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பெயருக்குள் அடங்கும் சிறியதொரு செயல், அவ்வளவே. இலக்கு இருபது ஓட்டங்களாக இருந்திருந்தால் நமது தீர்ப்பு வேறாக இருக்கும் என்றும் அந்த மாணவரிடம் சொன்னோம்.

இதற்கு நேர்மாறான மறுமுனையும் உண்டு. 1956 ஜூலை 31இல் மான்செஸ்டரில் லேக்கர் 53 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தபோது, மறுமுனையில் வீசியவர் டோனி லாக். அதே ஆடுகளம், அதே ஆஸ்திரேலிய மட்டையாளர்கள். லாக் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பந்தையும் விக்கெட்டுக்காகவே வீசினார். 55 ஓவர்கள் வீசியும் ஒருவரும் விழவில்லை. முதல் இன்னிங்ஸில் லேக்கருக்கு ஒன்பது, லாக்குக்கு ஒன்று. ஆக இருபதில் பத்தொன்பது ஒருவருக்கு, ஒன்று மற்றவருக்கு. ரிஸ்கு என்பதைப் பற்றிப் பாடம் நடத்தும் போதெல்லாம் நாம் இந்த லாக்கை நினைத்துக் கொள்வதுண்டு. உழைப்பில் குறையில்லை, கலையில் குறையில்லை, பங்கு மட்டும் வரவில்லை. ஸ்ரீநாத்தின் அடக்கம் கும்ளேக்கு உதவியது போலவே லாக்கின் ஓயாத முயற்சியும் லேக்கருக்கு உதவியிருக்கும் என்பது நம் எண்ணம். ஒரு புறம் மூச்சு விட இடம் கிடைத்திருந்தால் ஆஸ்திரேலியர் மறுபுறம் அவ்வளவு எளிதில் சாய்ந்திருக்க மாட்டார்கள்.

மறுமுனை என்று நாம் சொல்வதில் நடுவரையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். 2010 ஜூன் 2ஆம் நாள், டெட்ராய்ட் நகரில் அர்மாண்டோ கலராகா என்ற வெனிசுவேலா நாட்டு இளைஞர் 26 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டு 27ஆம் ஆளுக்கு வீசினார். அடிபட்ட பந்து பிடிக்கப்பட்டு, தளத்தை மிதித்து நின்ற கலராகாவின் கைக்கு ஓடி வந்தவரை முந்தி வந்து சேர்ந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ், ஓடியவர் தப்பினார் என்று தீர்ப்புச் சொன்னார். முழுநிறைவு ஆட்டம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. கலராகா சினக்கவில்லை, புன்னகைத்தார், திரும்பிச் சென்று அடுத்தவரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார். படத்தைப் பார்த்த நடுவர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக் கொண்டு அழுதார். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னர் வீரர் பட்டியலை நடுவரிடம் கொண்டு கொடுக்கும் பணியைக் கலராகாவிடமே ஒப்படைத்தனர். அவர் நீட்டினார், நடுவர் கண்ணைத் துடைத்தபடி வாங்கிக் கொண்டார். பதிவேடு திருத்தப்படவில்லை. அந்த 24இல் இந்த ஆட்டம் இல்லை. ஆயினும் அந்த இருபத்து நான்கில் பலவற்றின் நாயகர்களை மறந்தவர்களும் கலராகாவை மறப்பதில்லை. தவறிழைத்தவர் மறைக்கவில்லை, இழந்தவர் பழி கொள்ளவில்லை. இவ்விரண்டும் ஒரே இடத்தில் கூடுவது நோ-ஹிட்டரைவிட அரிது போலும்!

இனி அஜாஸ் பட்டேல். மும்பையில் முஸ்லிம் குடும்பமொன்றில் 1988இல் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் நியூசிலாந்து சென்றவர். வேகப்பந்து வீசிக் கொண்டிருந்து, இளமையிலேயே சுழற்பந்துக்கு மாறியவர். 2021 டிசம்பரில் பிறந்த ஊராகிய மும்பையின் வான்கடே மைதானத்தில் இந்தியாவின் பத்து விக்கெட்டுகளையும் 119 ஓட்டங்களுக்கு எடுத்தார். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அவருடைய அணி 62 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சுருட்டியவர்களுள் முதல்வர் நம் சென்னைக்காரர் அஸ்வின்: எட்டு ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட். லேக்கரும் கும்ளேயும் பத்து எடுத்து வென்றவர்கள். அஜாஸ் இரண்டாம் இன்னிங்ஸிலும் நான்கு விக்கெட் சேர்த்து, மொத்தம் 14 எடுத்தும் 372 ஓட்டங்களில் தோற்ற அணியில் இருந்தார்.

அவர் பத்தாவது விக்கெட்டை எடுத்தபோது இந்திய வீரர்கள் எழுந்து நின்று கைதட்டினர். ஆட்டம் முடிந்ததும் இந்திய அணியார் அனைவரும் கையெழுத்திட்ட சட்டையொன்றை அஸ்வின் அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தார். தம் அணியை வீழ்த்திய கைகளிலிருந்தே அஜாஸ் அதைப் பெற்றுக் கொண்டார். அந்தக் காட்சியைக் கண்ட நம் மாணவர்களுள் பலர் 1999க்குப் பின்னர் பிறந்தவர்கள். சேப்பாக்கத்துக் கைதட்டலைப் பற்றி நாம் சொல்லித்தான் அவர்கள் அறிவார்கள். ஓர் அயல்நாட்டு அணியின் முஸ்லிம் வீச்சாளரை அவர்கள் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். அஸ்வினையும் அதே மூச்சில் புகழ்ந்தார்கள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்ற நினைவே அவர்களுக்கு எழவில்லை. அதைக் கேட்டுக் கொண்டிருந்ததில் நமக்குக் கிடைத்த நிம்மதி, அந்தப் பத்து விக்கெட்டுகளால் கிடைத்த மகிழ்ச்சியைவிடக் குறைந்ததன்று.

2024 நவம்பரில் அஜாஸ் அதே வான்கடேக்கு மறுபடி வந்தார். முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தியாவின் ரவீந்திர ஜடேஜா எதிர்ப்புறத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்தாகப் பத்து எடுத்தார். முடிவில் இந்தியாவுக்கு 147 ஓட்டங்கள் தேவைப்பட்டன, 121இல் முடிந்தது. இம்முறை பத்தும் அஜாஸுக்கு விழவில்லை. ஆறு அவருக்கு, மறுமுனையில் கிளென் பிலிப்ஸுக்கு மூன்று, மாட் ஹென்றிக்கு ஒன்று. நியூசிலாந்து 25 ஓட்டங்களில் வென்றது.